கூடுதலாக ஒரு குரோமோசோம்

மனித உடலின் செல்களில் 23 ஜோடி குரோமோசோம்கள் இருக்கின்றன. ஜோடியில் ஒன்று அம்மாவிடமிருந்து வந்தது, மற்றது அப்பாவிடமிருந்து. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது 21-ஆம் ஜோடி பிரியாமல் ஒரே பக்கம் போய்விட்டால், பிறக்கும் குழந்தையின் செல்களில் அந்தக் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கும். மொத்தம் 46 இருக்க வேண்டிய இடத்தில் 47. இந்த நிலைதான் டவுன் சிண்ட்ரோம். இது உள்ளவர்களில் சுமார் 95 சதவீதம் பேருக்கு இவ்விதமாகத்தான் ஏற்படுகிறது. மிகச் சிலருக்கு மட்டும் 21-ஆம் குரோமோசோமின் கூடுதல் பகுதி வேறொரு குரோமோசோமுடன் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது சில செல்களில் மட்டும் மூன்று இருந்து மற்றவை வழக்கம்போல் இருக்கும்.

உலகம் முழுவதும், எல்லா இனங்களிலும், எல்லா வசதி நிலைகளிலும், ஏறத்தாழ 700 முதல் 1,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற கணக்கில் இப்படிப்பட்ட குழந்தைகள் பிறக்கிறார்கள். தாயின் வயது கூடக்கூட வாய்ப்பும் கூடும். 35 வயதில் சுமார் 350-க்கு ஒன்று, 40 வயதில் சுமார் 100-க்கு ஒன்று. ஆனாலும் இளம் வயதில் பிள்ளை பெறுபவர்களே அதிகம் என்பதால், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் 35 வயதுக்குக் குறைந்த தாய்மார்களுக்கே பிறக்கிறார்கள். கர்ப்பிணி கிரகணத்தின்போது வெளியே வந்தது, எதையோ தின்றது, எதையோ பார்த்துப் பயந்தது என்று வீடுகளில் சொல்லப்படும் காரணங்கள் எதற்கும் இதில் இடமில்லை. சொந்தத்தில் திருமணம் செய்ததைக் காரணமாகச் சொல்லவும் ஆதாரமில்லை. செல் பிரிவில் தற்செயலாக நேர்வது இது. மருமகளைக் குற்றம் சொல்லும் வழக்கம் இன்றும் பல குடும்பங்களில் இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கூடுதல் குரோமோசோம் உடலிலும் அறிவு வளர்ச்சியிலும் தன் தடத்தைப் பதிக்கிறது. தசைகள் தளர்வாக இருப்பதால் கழுத்து நிற்பது, உட்காருவது, நடப்பது எல்லாம் தாமதமாகும். கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயத்தில் குறை இருக்கும். தைராய்டு சுரப்பு குறைவது, காதின் உட்புறம் நீர் கட்டி கேட்கும் திறன் மங்குவது, பார்வைக் கோளாறு ஆகியவை அடிக்கடி காணப்படுபவை. பேச்சு தாமதமாக வரும், வந்தாலும் தெளிவு குறைவாக இருக்கும். கற்கும் வேகம் மெதுவாக இருக்கும். எவ்வளவு மெது என்பது ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடும். முகச்சாயல் ஒன்றுபோல் தெரிவதால் திறமையும் குணமும்கூட ஒன்றாகவே இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். “இந்தப் பிள்ளைகள் எல்லாம் சாதுவானவர்கள், பாட்டு என்றால் உயிர்” என்று அன்போடு சொல்லப்படுவதிலும் அதே தவறு இருக்கிறது. கோபக்காரர், கூச்சக்காரர், பிடிவாதக்காரர், கணக்கில் ஆர்வமுள்ளவர், பாட்டே பிடிக்காதவர் என்று மற்ற மனிதர்களிடம் உள்ள எல்லா வகையும் இவர்களிடமும் உண்டு.

இந்த நிலையை முதலில் விரிவாக விவரித்தவர் ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1866-இல் அவர் எழுதிய கட்டுரை, அவர் பராமரிப்பில் இருந்தவர்களை முகச்சாயலை வைத்து இனவாரியாகப் பிரித்தது. அந்தப் பிரிப்பு முழுக்கத் தவறு. ஆனால் அதே மனிதர் தம் மனைவி மேரியுடன் சேர்ந்து 1868-இல் லண்டன் அருகே நார்மன்ஸ்ஃபீல்ட் என்ற இல்லத்தைத் தொடங்கினார். அறிவு வளர்ச்சியில் பின்தங்கியவர்களை ஒதுக்கிவைப்பது சாதாரணமாக இருந்த காலத்தில், அங்கே இருந்தவர்களுக்குக் கைத்தொழில், தோட்ட வேலை, குதிரையேற்றம், நாடகம் எல்லாம் கற்றுக்கொடுக்கப்பட்டன. அவர்களுக்காக 1879-இல் கட்டிய நாடக அரங்கு இன்றும் நிற்கிறது. அந்த இல்லத்தைப் பின்னர் டவுனின் மகன்கள் நடத்தினார்கள். அவர்களில் ஒருவருக்கு 1905-இல் பிறந்த மகனுக்கும் டவுன் சிண்ட்ரோம் இருந்தது. அவர் அந்த வளாகத்திலேயே குடும்பத்தோடு வளர்ந்தார்.

காரணம் தெரிய அடுத்த நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாரிஸ் நகரின் ட்ரூஸோ மருத்துவமனையில் மார்த் கோத்தியே என்ற இளம் பெண் மருத்துவர் செல் வளர்ப்பு ஆய்வகம் ஒன்றைத் தனியாளாக அமைத்தார். நிதி இல்லை. செல்களை வளர்க்கத் தேவையான பிளாஸ்மாவுக்கு ஒரு சேவலை வளர்த்தார். சீரத்துக்குத் தம் ரத்தத்தையே எடுத்துக்கொண்டார். அப்படி வளர்த்த செல்களில்தான் 47-ஆவது குரோமோசோம் தெரிந்தது. 1959 ஜனவரியில் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தபோது முதல் பெயராகச் சக ஆய்வாளர் ழெரோம் லெழுன் இருந்தார், கோத்தியே இரண்டாவதாகத் தள்ளப்பட்டிருந்தார். அவருடைய பங்கு பிரான்ஸில் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட 2014 வரை ஆயிற்று.

காரணம் தெரிந்ததால் மட்டும் வாழ்க்கை மாறிவிடவில்லை. 1983-இல்கூட அமெரிக்காவில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 25 ஆண்டுகள்தான். இன்று அது 60-ஐ ஒட்டி இருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் குரோமோசோம் மாறவில்லை. அவர்களுக்கு அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்ற முடிவுதான் மாறியது. “இந்தக் குழந்தைக்கு எதற்கு இவ்வளவு செலவு, இவ்வளவு சிரமம்” என்ற எண்ணத்தில் இதய அறுவை மறுக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 1982-இல் இண்டியானா மாநிலத்தின் புளூமிங்டன் நகரில் டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்த ஒரு குழந்தைக்கு உணவுக்குழாயில் அடைப்பு இருந்தது. சரிசெய்யக்கூடிய குறைதான். டவுன் சிண்ட்ரோம் இருக்கிறது என்பதற்காகப் பெற்றோர் அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்றார்கள், நீதிமன்றமும் தலையிடவில்லை. சில நாட்களில் குழந்தை இறந்தது. நாடு முழுவதும் எழுந்த கொதிப்பில், இப்படிச் சிகிச்சையை நிறுத்துவதைத் தடுக்கும் சட்டம் 1984-இல் வந்தது. பெரிய இல்லங்களில் அடைத்து வைக்கப்பட்ட பிள்ளைகள் வீடுகளுக்குத் திரும்பியதும் ஏறக்குறைய இதே காலத்தில்தான். வீட்டில் வளர்ந்த பிள்ளை பேசியது, நடந்தது, படித்தது. இல்லத்தில் கிடந்த பிள்ளையைப் பார்த்து எழுதப்பட்ட பாடப்புத்தகங்கள் பிழையாகிப் போயின.

செய்தியைப் பெற்றோரிடம் சொல்லும் விதத்திலிருந்தே எல்லாம் தொடங்குகிறது. பிரசவ வார்டில் தாய் தனியாக இருக்கும்போது “உங்க குழந்தை நார்மல் இல்லம்மா, எதையும் எதிர்பார்க்காதீங்க” என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவது ஒரு விதம். தாய் தந்தை இருவரையும் உட்காரவைத்து, குழந்தையைக் கையில் கொடுத்து, வாழ்த்துச் சொல்லிவிட்டு, இப்போது என்ன பரிசோதனை வேண்டும், எந்த வயதில் என்ன பயிற்சி என்று விளக்குவது இன்னொரு விதம். இரண்டாவதுக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது அரைமணி நேரம் மட்டுமே. பிறந்தவுடன் இதயத்துக்கு எக்கோ, தைராய்டு பரிசோதனை, பிறகு காதுக்கும் கண்ணுக்கும் சோதனை ஆகியவை தவறாமல் நடக்க வேண்டும். தைராய்டு குறைவைக் கவனிக்காமல் விட்டால் அதுவே அறிவு வளர்ச்சியை மேலும் பின்னுக்கு இழுக்கும். காது கேட்காத பிள்ளையை “சொல்வது புரியாத பிள்ளை” என்று முடிவு கட்டிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. முதல் மாதங்களிலேயே தொடங்கும் பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, விளையாட்டு வழிப் பயிற்சி ஆகியவற்றின் பலன் வாழ்நாள் முழுவதும் கூடவரும்.

படிப்பு விஷயத்தில் வந்த மாற்றம் இன்னும் வியப்பானது. இங்கிலாந்தில் 1971 வரை இப்படிப்பட்ட பிள்ளைகளில் பலர் சட்டப்படியே “கல்வி புகட்ட இயலாதவர்கள்” என்று ஒதுக்கப்பட்டு, கல்வித் துறையின் கீழ் வராமலே இருந்தார்கள். 1980 வாக்கில் போர்ட்ஸ்மத் நகரில் பணியாற்றிய சூ பக்லி என்ற உளவியலாளருக்கு ஒரு தந்தை கடிதம் எழுதினார். டவுன் சிண்ட்ரோம் உள்ள தம் மகளுக்கு மூன்று வயதில் வாசிக்கச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதாகவும், அவள் வாசிப்பதாகவும், வாசிப்பிலிருந்தே அவளுக்குப் பேச்சு வளர்வதாகவும் அதில் இருந்தது. பேச்சு வந்த பிறகுதான் எழுத்து என்பது ஆசிரியர்கள் அதுவரை மாற்றாமல் வைத்திருந்த வரிசை. பக்லி அந்தக் கடிதத்தை ஒதுக்கிவிடாமல் ஆய்வாக எடுத்துக்கொண்டார். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குக் காதால் கேட்டதை மனதில் நிறுத்துவது கடினம், கண்ணால் பார்த்ததை நிறுத்துவது அவ்வளவு கடினம் இல்லை என்பதும், அதனால் அச்சிட்ட சொல் அவர்களுக்குப் பேச்சுக்கான படிக்கட்டாக உதவும் என்பதும் அதன்பின் பல ஆய்வுகளில் உறுதியாயிற்று.

செய்முறை எளிது. அம்மாவின் புகைப்படம் ஒட்டிய அட்டையில் கீழே பெரிய எழுத்தில் “அம்மா” என்று எழுதுகிறார்கள். இதே சொல் மட்டும் உள்ள இன்னோர் அட்டையைக் குழந்தை அதன்மேல் பொருத்திவைக்க வேண்டும். அடுத்த கட்டத்தில், பரப்பி வைத்த நாலைந்து அட்டைகளில் “அம்மா” எது என்று கேட்டால் எடுத்துத் தர வேண்டும். கடைசியாகத்தான் அட்டையைக் காட்டி “இது என்ன?” என்று கேட்பது. தாத்தா, நாய், பால், பந்து என்று வீட்டுச் சொற்களாகவே சேர்த்துக்கொண்டு போய், “அம்மா தூங்குகிறாள்” என்று இரண்டு சொல்லில் நிறுத்துவார்கள்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்பித்து, எழுத்துக்கூட்டி, அதன்பின் சொல் என்ற வழக்கமான பாதையில் பல பிள்ளைகள் ‘ஔ’ வரும் முன்பே களைத்துவிடுகிறார்கள். முழுச் சொல்லில் தொடங்கி, நாற்பது ஐம்பது சொற்கள் பிடிபட்ட பிறகு எழுத்துக்குப் போவது அவர்களுக்கு இலகுவாகும். இன்னொன்று: “கடைக்கு”, “வீட்டில்” என்று சொல்லும்போது கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘க்கு’வும் ‘இல்’லும் காது மந்தமான பிள்ளைக்கு விழாமலே போய்விடும். அதனால் அந்தப் பிள்ளை “கடை போ” என்று பேசும். அட்டையில் எழுதிக் காட்டினால் அந்த வேற்றுமை உருபு கண்ணில் படுகிறது. கண்ணில் பட்டது வாயில் வருகிறது.

சாதாரணப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்ற கேள்விக்கு இத்தாலி 1977-இலேயே விடை சொன்னது. அந்த ஆண்டு இயற்றிய சட்டத்தால் சிறப்பு வகுப்புகளை மூடி, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் அனைவரையும் பொது வகுப்பறைக்கு அழைத்து, துணை ஆசிரியரையும் நியமித்தது. பக்லியின் போர்ட்ஸ்மத் குழு டவுன் சிண்ட்ரோம் உள்ள பதின்வயதினரை ஒப்பிட்டுப் பார்த்ததில், பொதுப் பள்ளியில் படித்தவர்கள் பேச்சுத் திறனில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் முன்னால் இருந்தார்கள், எழுதப் படிப்பதில் இடைவெளி அதைவிட அதிகம். சரளமாகப் பேசும் பிள்ளைகளுக்கு நடுவில் நாள் முழுவதும் இருப்பவருக்குப் பேச்சு வருவதில் ஆச்சரியமில்லை.

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. அருகிலுள்ள பொதுப் பள்ளியோ சிறப்புப் பள்ளியோ, பெற்றோர் விரும்பும் இடத்தில் சேர்க்கலாம். தமிழ்நாட்டில் வட்டார வள மையங்கள் வழியாகச் சிறப்பாசிரியர்கள் பள்ளிகளுக்கு வருகிறார்கள். ஆனால் “மற்ற பிள்ளைகளின் படிப்பு கெடும்”, “நம்ம ஸ்கூலில் அதற்கு வசதி இல்லை, சார்” என்ற பதில்களோடு திரும்பிய பெற்றோர் ஏராளம். சேர்த்துக்கொண்ட பிறகும் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, வண்ணம் தீட்டக் காகிதம் கொடுத்துவிட்டுப் பாடம் நடத்துவதை உள்ளடக்கிய கல்வி என்று சொல்ல முடியாது. வகுப்பு மூன்றிலக்கப் பெருக்கல் போடும்போது அந்தப் பிள்ளை பத்து, இருபது ரூபாய்களை எண்ணிச் சில்லறை தரப் பழகட்டும். கணக்கு நேரத்தில் கணக்குதான் செய்கிறது, தன் அளவில். பள்ளி இறுதித் தேர்வுக்கு என்ஐஓஎஸ் என்னும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி உதவுகிறது. எல்லாப் பாடத்தையும் ஒரே நேரத்தில் எழுத வேண்டியதில்லை, ஐந்து ஆண்டுகளுக்குள் ஒவ்வொன்றாக எழுதி முடிக்கலாம்.

வாய்ப்புக் கிடைத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஸ்பெயின் நாட்டு பாப்லோ பினேதா நல்ல எடுத்துக்காட்டு. 1974-இல் மாலகா நகரில் பிறந்தவர். தமக்கு டவுன் சிண்ட்ரோம் இருப்பதை ஆறேழு வயதில் ஒரு பேராசிரியர் சொல்லித்தான் அறிந்தார். அப்போது அவர் கேட்டவை, “நான் மக்கா?”, “தொடர்ந்து படிக்கலாமா?” என்பவை. படிக்கலாம் என்று பதில் வந்தது. பொதுப் பள்ளியில் படித்து, மாலகா பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பட்டயம் பெற்று, கல்வி உளவியலும் பயின்றார். டவுன் சிண்ட்ரோமுடன் பல்கலைக்கழகப் படிப்பை முடித்த முதல் ஐரோப்பியராக அவர் அறியப்படுகிறார். 2009-இல் ஒரு படத்தில் கதாநாயகனாக நடித்து சான் செபாஸ்டியன் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருதும் வாங்கினார். அதன்பின் மாற்றுத்திறனாளிகளின் வேலைவாய்ப்புக்காக நிறுவனங்களிடம் பேசுவதே அவருடைய பணியாயிற்று.

ஜப்பானின் ஷோகோ கனாசாவா வேறொரு பாதையில் வந்தவர். 1985-இல் பிறந்த அவருக்கு எழுத்தோவியக் கலைஞரான அம்மா யசுகோ ஐந்து வயதிலிருந்து தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். நான்காம் வகுப்பில் பொதுப் பள்ளி அவரை வேறு பள்ளிக்குப் போகச் சொல்லிவிட்டது. மனமுடைந்த தாயும் மகளும் வீட்டுக்குள் அடைந்துகிடந்தார்கள். அந்த நாட்களில் அம்மா மகளுக்கு எழுதக் கொடுத்தது பௌத்தர்களின் இதய சூத்திரம். 270-க்கு மேற்பட்ட சித்திர எழுத்துகள். ஒன்று கோணினால் மறுபடி. அழுதுகொண்டே எழுதினார். அழுதாலும் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. அந்தக் கைப்பிரதி பின்னாளில் கண்காட்சிகளில் வைக்கப்பட்டது. 20 வயதில் டோக்கியோவின் கின்சா பகுதியில் முதல் தனிக் கண்காட்சி நடந்தது. 2012-இல் என்எச்கே தொலைக்காட்சி ஆண்டு முழுவதும் ஒளிபரப்பிய வரலாற்றுத் தொடரின் தலைப்பை எழுதியவர் அவர்தான். தரையில் விரித்த ஆளுயரத்தைவிடப் பெரிய தாளில், துடைப்பம் போன்ற தூரிகையை இரு கைகளால் பிடித்துச் சில நிமிடங்களில் எழுதி முடிப்பார். இவ்வளவும் ஒரு பக்கம் இருக்க, அவருடைய அம்மா எதைவிடவும் பெரிதாக நினைத்தது வேறொன்று. 30 வயதானதும் ஷோகோ தனி வீட்டில் குடியேறினார். கடைக்குப் போனார், சமைத்தார், தெருக்காரர்களோடு பழகினார். கண்காட்சிக்குக் கூட்டம் வரும், கைதட்டும், கலைந்து போகும். காலையில் எழுந்து தனக்குச் சமைத்துக்கொள்வது தினமும் நடக்கிறது.

வேலை விஷயத்தில் உலகம் இன்னும் மெதுவாகத்தான் நகர்கிறது. இத்தாலியின் ஆஸ்தி நகரில் 2015-இல் திறந்த அல்பேர்கோ எத்திகோ என்ற ஓட்டலில் வரவேற்பு, அறை சுத்தம், சமையல், பரிமாறல் ஆகியவற்றை டவுன் சிண்ட்ரோம் உள்ள இளைஞர்கள் பயிற்சி பெற்றுச் செய்கிறார்கள். அமெரிக்காவின் லாங் ஐலண்டில் ஜான் குரோனின் என்ற இளைஞர் 2016-இல் அப்பாவுடன் சேர்ந்து வண்ண வண்ணக் காலுறை விற்கும் நிறுவனம் தொடங்கினார். அங்கே பணியாளர்களில் பாதிக்கு மேல் மாற்றுத்திறனாளிகள். இந்தியாவில் 2017-இல் ஹூப்ளியில் ஒரு சிறு கடையாகத் தொடங்கிய மிட்டி கஃபே, பலவகை மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு வைத்து வளர்ந்து, 2023 நவம்பரில் உச்ச நீதிமன்ற வளாகத்திலேயே ஒரு கிளை திறந்தது.

இத்தகைய இடங்களில் பயிற்சி எப்படி நடக்கிறது என்பதுதான் மற்ற முதலாளிகளுக்குத் தெரிய வேண்டியது. “டேபிளைத் துடை” என்ற ஒரே கட்டளை, டம்ளர்களை எடு, தட்டுகளை ட்ரேயில் அடுக்கு, மிச்சத்தைக் கொட்டு, ஈரத்துணியால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை துடை, உலர்ந்த துணியால் மறுபடி துடை, நாற்காலியைத் தள்ளி வை என்று சிறு சிறு படிகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு படம் சுவரில் ஒட்டப்படுகிறது. முதல் வாரங்களில் ஒரு பயிற்சியாளர் கூடவே நிற்பார், பிறகு எட்ட நிற்பார், பிறகு வாரம் ஒருமுறை வந்து பார்ப்பார். பேருந்தில் வரக் கற்றுக்கொடுப்பதும் இப்படித்தான். நம்பர் பார்ப்பது, நடத்துனரிடம் நிறுத்தத்தின் பெயர் சொல்வது, தவறான நிறுத்தத்தில் இறங்கிவிட்டால் யாருக்குப் போன் செய்வது என்பதுவரை. கற்க மாதங்கள் ஆகலாம். கற்றபின் வேலையில் சுருக்குவழி தேடாமல், சொன்ன ஒழுங்கில், சொன்ன நேரத்தில் செய்பவர்கள் என்று வேலை கொடுத்தவர்கள் பலர் சொல்கிறார்கள். ஒரு குறையையும் சொல்ல வேண்டும். “ஏதோ பொழுது போகிறது அல்லவா” என்று கைச்செலவுக்கு மட்டும் கொடுத்து முழுநாள் வேலை வாங்கும் இடங்கள் உண்டு. செய்த வேலைக்குக் கூலி தராமல் அதற்குச் சேவை என்று பெயர் வைப்பது அநியாயம். அரசுப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத ஒதுக்கீட்டில் 1 சதவீதம் அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மனநோய் முதலானவை உள்ளவர்களுக்கு என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் நுழையத்தக்க பணியிடங்கள் மிகக் குறைவு.

திரையில் அவர்களை முதலில் வீடுவீடாகக் கொண்டுசேர்த்தவர் கிறிஸ் பர்க். 1989 முதல் 1993 வரை அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் முக்கியப் பாத்திரமாக நடித்தார். அதற்கு முன் அவர் பள்ளி ஒன்றில் லிஃப்ட் இயக்கிக்கொண்டிருந்தார். 2023-இல் ஆஸ்கர் வென்ற ஐரிஷ் குறும்படத்தின் நாயகர்களில் ஒருவர் ஜேம்ஸ் மார்ட்டின். விருது கிடைத்த நாள் அவருடைய 31-ஆவது பிறந்தநாள். 2021-இல் மலையாளத்தில் ‘திரிகே’ படத்தில் கோபிகிருஷ்ணன் வர்மா கதாநாயகனாக வந்தார். 2025-இல் ஆமிர்கானின் ‘சித்தாரே ஜமீன் பர்’ படத்தின் கூடைப்பந்து அணியில் ஒருவராகவும் நடித்தார்.

விளையாட்டில் கரேன் காஃப்னி 2001-இல் தொடர் நீச்சல் குழுவில் ஒருவராக ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார், 2007-இல் தாஹோ ஏரியில் 9 மைல் தனியாக நீந்தினார். கிறிஸ் நிக்கிக் ஐந்து மாதக் குழந்தையாக இருந்தபோது இதய அறுவை நடந்தது, நடக்கத் தொடங்கியது நான்கு வயதில். 21 வயதில், 2020 நவம்பர் 7 அன்று, ஃபுளோரிடாவில் அயர்ன்மேன் போட்டியில் இறங்கினார். கடலில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42 கிலோமீட்டர் ஓட்டம், 17 மணி நேரத்துக்குள். சைக்கிள் பகுதியில் ஓரமாக நின்றபோது எறும்புப் புற்றில் கால்வைத்துக் கடிபட்டார், பிறகு விழுந்து அடிபட்டார். துணைக்கு ஓடிய பயிற்சியாளரோடு 16 மணி 46 நிமிடம் 9 விநாடியில் கோட்டைத் தொட்டார். டவுன் சிண்ட்ரோமுடன் அந்தப் போட்டியை முடித்தவர் அதுவரை யாரும் இல்லை. தினமும் ஒரு சதவீதம் கூடுதல் என்பது தந்தையும் மகனும் வகுத்துக்கொண்ட பயிற்சி முறை.

அமைப்பு ரீதியான போட்டிகள் 1968-இல் யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் சிகாகோவில் தொடங்கிய ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் வழியாகப் பரவின. ஏறக்குறைய ஒரே திறமை உள்ளவர்களைக் குழுவாக்கி மோதவிடுவது அதன் வழக்கம். பாராலிம்பிக்ஸ் கதை கசப்பானது. 2000-இல் சிட்னியில் அறிவுசார் குறைபாடுள்ளோர் கூடைப்பந்தில் தங்கம் வென்ற ஸ்பெயின் அணியின் 12 பேரில் 10 பேருக்குக் குறைபாடே இல்லை என்பது தெரியவந்தது. மோசடி செய்தவர்களுக்கான தண்டனை உண்மையான வீரர்கள் தலையில் விழுந்து, அந்தப் பிரிவு முழுவதும் 2012 லண்டன் போட்டிவரை நிறுத்தப்பட்டது. திரும்ப வந்தபோதும் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தனிப் பிரிவு இல்லை. தளர்ந்த தசையும் இதயக் குறையும் உள்ளவர், அறிவுத்திறனில் மட்டும் குறைபாடுள்ள திடகாத்திரமான ஓட்டக்காரரோடு ஒரே தடத்தில் ஓட வேண்டியிருக்கிறது. அதனால்தான் அவர்களுக்கென்றே ட்ரைசோம் விளையாட்டுகள் 2016-இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் தொடங்கின. விளையாட விரும்பும் பிள்ளைகளின் பெற்றோர் ஒன்றை மறக்கக் கூடாது. சிலருக்குக் கழுத்தெலும்பின் மேல் மூட்டு தளர்ந்திருக்கும். குட்டிக்கரணம், தலைகீழாக நீரில் பாய்தல் போன்றவற்றுக்கு முன் மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

குடிமகனுக்குரிய இடமும் மெல்ல விரிகிறது. ஸ்பெயின் 2018-இல், நீதிமன்ற உத்தரவால் வாக்குரிமை இழந்திருந்த சுமார் ஒரு லட்சம் அறிவுசார் குறைபாடுள்ளோருக்கு அதைத் திருப்பிக் கொடுத்தது. 2023-இல் டவுன் சிண்ட்ரோம் உள்ள மார் கால்செரான் அந்நாட்டின் வலென்சியா மாகாணச் சட்டமன்றத்தில் உறுப்பினராக அமர்ந்தார். இந்தியச் சட்டப்படி, மனநலம் குன்றியவர் என்று உரிய நீதிமன்றம் அறிவித்தால் ஒழிய, டவுன் சிண்ட்ரோம் காரணமாக மட்டும் யாருடைய வாக்கையும் மறுக்க முடியாது. 18 வயதான மகனையோ மகளையோ வாக்காளர் பட்டியலில் சேர்க்கலாம் என்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் 2025-இல் வந்த சட்டத் திருத்தம் உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க வழிசெய்திருக்கிறது.

மார்ச் 21 உலக டவுன் சிண்ட்ரோம் நாள். 21-ஆம் குரோமோசோம் மூன்று என்பதால் மூன்றாம் மாதம் 21-ஆம் தேதி. 2012 முதல் ஐ.நா. இதை அனுசரிக்கிறது. டவுன் சிண்ட்ரோம் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா 1984-இல் சென்னையில் ஒரு தாயின் முயற்சியில் தொடங்கியது. டவுன் சிண்ட்ரோம் உள்ள தம் மகளுக்குச் சொல்லிக்கொடுக்க அப்போது இங்கே நூலோ வழிகாட்டியோ கிடைக்காததுதான் அதற்குக் காரணம். 2015-இல் உலக டவுன் சிண்ட்ரோம் மாநாடு சென்னையிலேயே நடந்தது.

ஆயுள் நீண்டதால் புதிதாக வந்த கவலைகளும் இருக்கின்றன. அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்துக்கான மரபணு 21-ஆம் குரோமோசோமில்தான் இருக்கிறது. மூன்று பிரதி இருப்பதால் அந்தப் படிவு இவர்களுக்கு 40 வயதுவாக்கிலேயே காணப்படுகிறது, நினைவு மங்கலும் மற்றவர்களைவிட முன்கூட்டியே வருகிறது. 40 வயதைத் தாண்டியவர் திடீரென்று வேலையில் தடுமாறினால், “பழைய குறைதானே” என்று விட்டுவிடாமல் தைராய்டு, காது, கண், மனச்சோர்வு ஆகியவற்றைப் பார்த்துவிட்டு நினைவுப் பரிசோதனைக்கும் போக வேண்டும். இந்த வயதில் உள்ளவர்களின் பெற்றோர் எழுபது, எண்பதைத் தொட்டிருப்பார்கள். “எங்க காலத்துக்கு அப்புறம் இவனை யார் பார்த்துப்பா?” என்ற கேள்வி ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒலிக்கிறது.

அதற்கு அண்ணன் தம்பிகளின் நல்ல மனதை மட்டும் நம்பியிருக்கத் தேவையில்லை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டபூர்வப் பாதுகாவலரை நியமிக்கலாம். 2016-ஆம் ஆண்டுச் சட்டம், முழுப் பொறுப்பையும் பறித்துக்கொள்ளாமல், தேவைப்படும் விஷயத்தில் மட்டும் அந்த நபரோடு கலந்து முடிவெடுக்கும் வரம்புக்குட்பட்ட பாதுகாவலர் முறையைக் கொண்டுவந்திருக்கிறது. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய்வரை மருத்துவச் செலவு கிடைக்கும். தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மாதப் பராமரிப்பு உதவித்தொகையும் உண்டு. எல்லாவற்றுக்கும் முதல் படி யூடிஐடி அடையாள அட்டை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழி கேட்கலாம். பாதுகாவலர் விண்ணப்பத்தை மகனுக்கு அல்லது மகளுக்கு 18 வயது முடிந்தவுடன், பெற்றோர் இருவரும் கையெழுத்திடும் நிலையில் இருக்கும்போதே கொடுத்துவிடுவது நல்லது.